கடைமடைக்கு வராத வெளிச்சம்

கீரமங்கலம் பக்கம் பூ ஏற்றப் போகும் பழைய வேன்களில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கோழி கூவுமுன் கிளம்ப வேண்டிய வண்டி. ஓட்டுபவருக்கு ஒரே குறை: “ஹெட்லைட் அரிக்கேன் விளக்கு மாதிரி எரியுதுண்ணே.” பல்பை மாற்றியாயிற்று. பேட்டரியும் புதுசு. ஆக்சிலேட்டரை மிதித்தால் சற்றுப் பளிச்சென்கிறது. காலை எடுத்தால் மறுபடியும் மஞ்சள் காமாலை.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளில் இதற்கு ஒரு சோதனை உண்டு. பல்பைக் கழற்றி, அதன் பின்களில் இரண்டு துண்டு ஒயர்களை மாட்டி, மறுமுனைகளைப் பேட்டரி முனைகளில் தொடுவார்கள். பால் போல வெள்ளை வெளிச்சம். “பல்பு நல்லாத்தானே இருக்கு!” என்று சொல்லித் திரும்ப டூமில், அதாவது ஹெட்லைட் கிண்ணத்தில், மாட்டி சுவிட்சைப் போட்டால், பழைய மஞ்சள். பேட்டரி அதேதான், பல்பும் அதேதான். நடுவே இருந்த வெளிச்சத்தை யார் எடுத்துக்கொண்டார்கள்?

இதற்கு விடை சொல்ல மின்சாரம் படித்திருக்க வேண்டியதில்லை. அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் நாகுடி, மும்பாலைப் பக்கம் நெல் போடும் ஒரு விவசாயியைக் கேட்டால் போதும்.

மும்பாலையின் கணக்கு

மேட்டூர் அணை கட்டப்பட்ட 1930களில், அதோடு சேர்ந்து வெட்டப்பட்டது கல்லணைக் கால்வாய். கல்லணையில் புறப்படும் தண்ணீர் தஞ்சை மாவட்டத்தைக் கடந்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓடி, புதுக்கோட்டை மாவட்டத்தின் மும்பாலை ஏரியில் முடிகிறது. கல்லணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது செய்தித்தாளில் வரும். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் விவசாயிக்கு அந்த எண்ணால் பயனில்லை. கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி.

காரின் ஹெட்லைட், பேட்டரியின் கடைமடை. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 வோல்ட் அளவில் இருக்கும். பல்பின் பின்களில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெரும்பாலானோர் அளந்து பார்ப்பதே இல்லை.

மூன்று சொற்களை இங்கே சரிசெய்துகொள்வோம். மின்னழுத்தம் என்பது நீர்மட்ட வேறுபாடு போன்றது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீரைத் தள்ளும் உந்துதல். அதன் அலகு வோல்ட். மின்னோட்டம் என்பது நொடிக்கு எவ்வளவு ஓடுகிறது என்பது, அலகு ஆம்பியர். மின்தடை என்பது வாய்க்காலின் குறுகலும் புதரும் கல்லும், அலகு ஓம். ஓட்டம் இரண்டு மடங்கானால், அதே வாய்க்காலில் இழக்கும் உந்துதலும் இரண்டு மடங்காகும் என்பதை ஜெர்மானியர் ஜார்ஜ் ஓம் 1827இல் எழுதி வைத்தார். இப்படி வழியில் கரையும் மின்னழுத்தத்துக்கு மின்னழுத்த இழப்பு என்று பெயர்.

உவமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கால்வாயில் தண்ணீரே மண்ணில் கசிந்து குறையும். கம்பியில் அப்படி இல்லை. பேட்டரியிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் ஒரு துளியும் குறையாமல் பல்பைக் கடந்து பேட்டரிக்கே திரும்புகிறது. குறைவது அதன் உந்துதல் மட்டுமே. அந்த இழப்பு வெப்பமாகி ஒயரையும் சுவிட்சையும் சூடாக்குகிறது.

ஆக்சிலேட்டர் புதிரும் இங்கேயே அவிழ்கிறது. என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்திருக்கும், மிதித்தால் உயரும். தலைமடையில் மட்டம் ஏறினால் கடைமடையிலும் கொஞ்சம் ஏறுகிறது. ஆனால் வாய்க்கால் பழையபடியே அடைபட்டுத்தான் கிடக்கிறது.

இஸ்திரிப் பெட்டியை மிஞ்சும் ஹெட்லைட்

வீட்டு ஒயரிங்கில் இந்தத் தொல்லை அதிகம் தெரிவதில்லை. காரில் மட்டும் ஏன்?

1000 வாட் இஸ்திரிப் பெட்டி, 230 வோல்ட்டில் எடுக்கும் மின்னோட்டம் நாலரை ஆம்பியருக்கும் குறைவு. காரில் பரவலாக உள்ள எச்4 ஹாலஜன் பல்பு ஹை பீமில் 60 வாட், லோ பீமில் 55 வாட். இரண்டு விளக்கும் சேர்ந்து ஹை பீமில் 120 வாட்தான். ஆனால் 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 10 ஆம்பியர். சட்டையின் சுருக்கத்தை நீவும் பெட்டியைவிட இரண்டு மடங்கு ஓட்டம் இந்த இரண்டு பல்புகளுக்கு வேண்டும். அழுத்தம் குறைவாக இருப்பதால், அதே வேலைக்கு ஓட்டம் பெருகியாக வேண்டும்.

இழப்பின் வலியும் இங்கே பெரிது. வீட்டில் 230 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. காரில் 13.8 வோல்ட்டில் 2 வோல்ட் போனால், ஏழில் ஒரு பங்கு போயிற்று. இருநூற்று முப்பது ரூபாயில் இரண்டு ரூபாய் தொலைவதற்கும் பதினான்கு ரூபாய்ச் சில்லறையில் இரண்டு ரூபாய் தொலைவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

அந்த 2 வோல்ட் எங்கே போகிறது? பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கான மின்னோட்டம் முழுவதும் ஓட்டுநரின் கைக்கு வந்துதான் திரும்புகிறது. பேட்டரியில் கிளம்பி, டேஷ்போர்டுக்குள் நுழைந்து, லைட் சுவிட்சுக்குள் போய், டிம்-டிப் மாற்றும் சுவிட்சைக் கடந்து, பியூஸ் வழியாக மறுபடியும் வண்டியின் முகப்புக்கு வரும். பேட்டரிக்கும் விளக்குக்கும் இடையே இரண்டு முழம்தான் இருக்கும். ஓட்டம் சுற்றுவதோ ஐந்து மீட்டர்.

ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் மீட்டருக்கு 0.017 ஓம் தடை. ஐந்து மீட்டருக்கு 0.085 ஓம். பத்து ஆம்பியர் ஓடினால் இதில் மட்டும் 0.85 வோல்ட் போய்விடும். மீதி இழப்பு இணைப்புகளில். ஒவ்வொரு சுவிட்ச் முனையும், ஒயர்களை இணைக்கும் ஒவ்வொரு கப்ளரும், பியூஸின் ஒவ்வொரு பல்லும் ஒரு மதகு. புதிதாக இருக்கும்போது அவை முழுவதும் திறந்திருக்கின்றன. பதினைந்து, இருபது வருடத்தில் களிம்பு ஏறிப் பாதி மூடிக்கொள்கின்றன. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையைச் சீக்கிரமே முடித்துவிடும். ஒயரின் தோலை உரித்தால் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும். இந்த மதகுகள் எல்லாமாகச் சேர்ந்து இன்னொரு 0.115 ஓம் தந்தால், மொத்தம் 0.2 ஓம். இழப்பு 2 வோல்ட்.

திரும்பும் வழியை மறந்துவிடக் கூடாது. பல்பைக் கடந்த மின்னோட்டம் வண்டியின் தகரம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. இதைத்தான் ‘பாடி எர்த்’ என்கிறோம். அந்த போல்ட்டின் அடியில் துரு இருந்தால், எதிரே எவ்வளவு நல்ல ஒயர் போட்டாலும் பலன் பாதிதான். வாய்க்காலைத் தூர்வாரி வடிகாலை விட்டுவிட்ட கதை.

2 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 20 வாட் வெப்பம். ரேடியோ மெக்கானிக் கையில் இருக்கும் சால்ட்ரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட அந்தச் சூடு, ஒயரிலும் சுவிட்சிலுமாகப் பரவிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங் பக்கத்துச் சுவிட்ச் சூடாவது, பிளாஸ்டிக் கருகல் வாசம் வருவது, கப்ளர் பழுப்பேறி உருகுவது எல்லாம் இந்தக் கணக்கின் மிச்சங்கள்.

கொல்லன் உலையும் எண்ணெய்ப் பொட்டும்

மின்னழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் ஏழில் ஒரு பங்குதானே குறைய வேண்டும்? அங்கேதான் பல்பு நம்மை ஏமாற்றுகிறது.

கொல்லன் உலையில் இரும்பைப் பாருங்கள். சூடேறத் தொடங்கும்போது நிறமே மாறாது. கைக்கு அனல் அடிக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு மங்கிய சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், இன்னும் ஏறினால் வெள்ளை. சூடு கொஞ்சம் ஏறினால் ஒளி மிக அதிகமாக ஏறுகிறது. பல்பின் டங்ஸ்டன் இழையும் அப்படித்தான். மின்னழுத்தம் குறைந்தால் இழை பெறும் சக்தி குறைகிறது. சக்தி குறைந்தால் சூடு குறைகிறது. சூடு குறைந்தால், வெளியே வரும் சக்தியிலும் கண்ணுக்குத் தெரியும் பங்கு சுருங்கி, அனலாகப் போகும் பங்கு பெருகுகிறது. இரண்டு பக்கமும் அடி. அதனால் மின்னழுத்தத்தில் நூற்றுக்கு 5 குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ 16 போகும். 10 குறைந்தால் 30 போகும். நம் வேனில் 13.8 வோல்ட் 11.8 ஆகும்போது, நூறு பங்கு வெளிச்சத்தில் அறுபதுகூடத் தேறாது. ஓட்டுநர் கண்ட மஞ்சள், இழை போதிய சூடேறவில்லை என்பதன் அடையாளம்.

வெளிச்சத்தை அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் ராபர்ட் புன்சன் ஓர் எளிய வழி சொன்னார். பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய்ப் பொட்டு இருக்குமே, அதுதான் கருவி. எண்ணெய் பட்ட இடம் ஒளியை ஊடுருவ விடும். படாத இடம் திருப்பி அனுப்பும். இரண்டு பல்புகளுக்கு நடுவே அந்தக் காகிதத்தைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமாகும் இடத்தில் பொட்டு கண்ணுக்கு மறைந்துவிடும். ஒரு பல்பைப் பேட்டரியிலிருந்து நேராகவும், இன்னொன்றைப் பழைய ஒயரிங் வழியாகவும் எரியவிட்டால், பொட்டு மறையும் இடம் மங்கிய பல்பின் பக்கம் தள்ளி இருக்கும். பளிச்சென்ற பல்பிலிருந்து 100 சென்டிமீட்டர், மங்கியதிலிருந்து 77 சென்டிமீட்டர் என்றால், ஒளி நூற்றுக்கு அறுபது என்று பொருள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்ற விதியே இந்தக் கணக்கின் அடி. செய்து பார்ப்பவர்கள் ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். எரியும்போது கை பொசுங்கும், அணைந்திருக்கும்போது தொட்டால் விரலின் பிசுக்குப் பட்ட இடம் பிறகு சூடேறிக் கண்ணாடி விரிசல் விடலாம்.

அதே விதியைச் சாலைக்குக் கொண்டுபோனால் விஷயத்தின் எடை புரியும். முன்பு 60 மீட்டரில் மாடு எவ்வளவு தெளிவாகத் தெரிந்ததோ, அந்தத் தெளிவு இப்போது 46 மீட்டரில்தான் கிடைக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. நாம் இழந்தது ஏறக்குறைய ஒரு நொடி. கந்தர்வகோட்டைச் சாலையில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் முன்னால் போகும்போது, அந்த ஒரு நொடியில்தான் கால் பிரேக்குக்குப் போக வேண்டும்.

ஆணை வேறு, வேலை வேறு

இந்த மின்னழுத்த இழப்புக்குத் தீர்வு 1830களிலேயே பிறந்துவிட்டது. அமெரிக்கர் ஜோசப் ஹென்றி மின்காந்தத்தோடு விளையாடிக்கொண்டிருந்த காலம் அது. நீண்ட கம்பியில் போய்ச் சேரும் மின்னோட்டம் மிக மெலிந்துவிடும். பெரிய வேலை எதையும் செய்யாது. ஆனால் ஒரு சிறு காந்தத்தை உசுப்ப அது போதும். அந்தச் சிறு காந்தம் ஒரு சுவிட்சை மூடினால், அங்கேயே இருக்கும் இன்னொரு பேட்டரி பெரிய வேலையைச் செய்யும். தந்திக் கம்பிகள் ஊர்விட்டு ஊர் நீண்டபோது ‘ரிலே’ எனப்படும் இந்த உத்தி கைகொடுத்தது. 1850களின் நடுவில் கல்கத்தாவிலிருந்து சென்னை வரைகூடத் தந்தி வந்துவிட்டது.

ரிலே என்ற சொல், களைத்த குதிரையை விட்டுப் புதுக் குதிரை ஏறுவதையும் குறித்தது. நம்முடைய ‘அஞ்சல்’ என்ற சொல்லும் அதே பொருளுடையது: ஆள் மாறி ஆள் கொண்டுபோவது. இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் இன்றும் ரிலே ஓட்டத்தை ‘அஞ்சலோட்டம்’ என்றே சொல்கிறார்கள். மின்சார ரிலேவைச் சிலர் ‘உணர்த்தி’ என்று எழுதுவதுண்டு. நான் இந்தக் கட்டுரைக்காக ‘மின்மடை’ என்று சொல்லிப் பார்க்கிறேன், காரணம் இருக்கிறது.

புதுக்கோட்டை கண்மாய்களின் மாவட்டம். கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விட, ஊர்ப் பெரியவர் தண்ணீரைத் தன் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வாய்க்கால் வெட்டித் திரும்ப அனுப்புவாரா? “மடையைத் திற” என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார். மடைக்காரர் போய்த் திறப்பார். தண்ணீர் கண்மாயிலிருந்து நேரே வயலுக்குப் பாயும். பெரியவர் வீட்டுக்கு வந்துபோவது சொல் மட்டும். பழைய ஒயரிங் தண்ணீரையே முற்றத்துக்கு வரவழைக்கிறது. ரிலே என்ற மின்மடை சொல்லை மட்டும் வரவழைக்கிறது.

தீப்பெட்டி அளவுள்ள அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருப்பவை சில பொருள்கள்தான். மெல்லிய செம்புக் கம்பி பல நூறு சுற்றுகளாகச் சுற்றிய ஒரு சுருள், அதன் நடுவே இரும்பு, அதன் எதிரே ஸ்பிரிங்கில் நிற்கும் ஓர் இரும்புத் தகடு, தகட்டின் நுனியில் கனமான தொடுமுனைகள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு காந்தமாகித் தகட்டை இழுக்கும். ‘டிக்’ என்ற ஒலி கேட்கும். தொடுமுனைகள் சேரும், மடை திறக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் மடையை மூடிவிடும்.

அடியில் நான்கு கால்கள், நான்கு எண்கள். இவை ஜெர்மன் தர விதியிலிருந்து வந்தவை. உலகெங்கும் மெக்கானிக்குகளுக்கு இந்த எண்கள் பழக்கம். 85, 86 சுருளின் இரு முனைகள். ஆணை வரும் வழி. 30 பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயர், கண்மாய்ப் பக்கம். 87 விளக்குக்குப் போவது, வயல் பக்கம்.

சுருள் எடுப்பது ஏறத்தாழ 0.15 ஆம்பியர். ஹெட்லைட் எடுக்கும் 10 ஆம்பியரில் அறுபதில் ஒரு பங்குகூட வராது. அதே பழைய ஒயர், அதே களிம்பேறிய சுவிட்ச், அதே 0.2 ஓம், ஆனால் அதில் இப்போது இழப்பு 0.03 வோல்ட் மட்டுமே. வழி மாறவில்லை, அதில் போகும் சுமைதான் மாறியது. ஓட்டுநரின் சுவிட்சும் சூடாகாமல் பிழைத்துக்கொள்கிறது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வேலை பெரிதல்ல. லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் விளக்குகளுக்குப் பக்கத்தில் அமரும். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள தடித்த ஒயர் நேரே ரிலேவுக்கு, அங்கிருந்து பல்புக்கு. பல்பில் முன்பு மாட்டியிருந்த பழைய கப்ளர் இனி ரிலேவுக்கு ஆணை சொல்லும் வேலையை மட்டும் பார்க்கும். எர்த்துக்கும் தனியே தடித்த ஒயர் போட்டு, துருவைச் சுரண்டிய இடத்தில் முடுக்க வேண்டும். சரியாகச் செய்தால் 2 வோல்ட் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது பியூஸ். பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயருக்கு, பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருந்தாக வேண்டும். பியூஸ் இல்லாத ஒயர் எங்காவது தகரத்தில் உரசினால், பேட்டரியின் மொத்த பலமும் அந்த ஒரு புள்ளியில் பாயும், வண்டி தீப்பிடிக்கும். இரண்டாவது, சில ஜப்பானிய வம்சாவளி வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் துண்டிக்கும். அவற்றுக்கு இணைப்பு முறையே வேறு. தெரியாமல் மாட்டினால் விளக்கு சரியாக எரியாது.

மூன்றாவது ஆசை. ரிலே போட்டாயிற்றே, இனி 100 வாட் பல்பு போடலாம் என்ற எண்ணம். அந்தச் சூட்டில் டூமின் வெள்ளிப் பூச்சு கருகும், ஹோல்டர் உருகும், எதிரே வருபவர் கண் கூசும். ஹெட்லைட் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டச் சொல்லிப் போலீஸார் வண்டிகளை நிறுத்திய காலம் நினைவிருக்கலாம், அந்தக் கண்கூச்சத்துக்காகத்தான். தயாரிப்பாளர் தந்த விவரங்களை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பல்பு அதே 60/55 வாட்டாகவே இருக்கட்டும். அதற்குச் சேர வேண்டியதைக் கொடுத்தால் போதும். ஹாலஜன் டூமில் எல்இடி பல்பைச் செருகுவதும் கைகொடுக்காது. டூமின் வளைவு, டங்ஸ்டன் இழை இருக்கும் அந்த ஒரு புள்ளிக்காகக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்பினால் சாலைக்குப் போக வேண்டியது எதிரே வருபவர் முகத்துக்குப் போகும்.

ஒரு செலவும் உண்டு. முழு மின்னழுத்தம் கிடைத்தால் பல்பு பளிச்சென எரியும், ஆயுள் குறையும். மங்கலாக எரிந்த பல்பு பல வருடம் வந்ததென்றால், அது வேலை செய்யாமல் சேர்த்துவைத்த ஆயுள். புதிய வண்டிகளில் பலவற்றில் ரிலே தொழிற்சாலையிலேயே வந்துவிடுகிறது; கணினி கட்டுப்படுத்தும் விளக்கு ஒயரிங்கில் கைவைக்கவே வேண்டாம். இந்த வைத்தியம் பழைய ஆம்னிக்கும் அம்பாசிடருக்கும் ஜீப்புக்கும்தான்.

எந்த வைத்தியத்துக்கும் முன்னால் ஒரு பரிசோதனை. என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரால் முதலில் பேட்டரி முனைகளில் அளந்துகொள்ளுங்கள். பிறகு பல்பின் பின்புறம், கப்ளர் மாட்டியிருக்கும்போதே அளந்து பாருங்கள். கப்ளரைக் கழற்றி அளந்தால் மீட்டர் முழு மின்னழுத்தத்தையும் காட்டி ஏமாற்றும். ஓட்டம் இல்லாத வாய்க்காலில் எல்லா இடத்திலும் மட்டம் ஒன்றுதான். இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் என்றால் ரிலே வேண்டாம். டூமின் கண்ணாடியைத் துடையுங்கள், பூச்சைப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் என்றால், அடுத்த பல்பு வாங்க வைத்திருக்கும் பணத்தை ஒயருக்குச் செலவழியுங்கள்.

மும்பாலை விவசாயி கல்லணையின் எண்ணைக் கேட்டுத் திருப்தி அடைவதில்லை. நீங்களும் கடைமடையில் அளந்து பாருங்கள்.